மொட்டை மாடிச் சைக்கிள்

பயூமி எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பமாட்டான். கெய்ரோவின் ஷுப்ரா சந்துகளில் கைவண்டி தள்ளிப் பழைய சாமான் வாங்கி விற்கிறவன் வேறு எப்படி இருப்பான்? மகள் நவாரா மேல் வெந்நீர் கொட்டிய பிறகு அந்தச் சந்தேகம் ஆஸ்பத்திரி வரைக்கும் நீண்டது.

துணி அவிக்க வைத்த அண்டா கவிழ்ந்து, ஒன்பது வயதுப் பெண்ணின் வலது கால் தொடையிலிருந்து கெண்டை வரை வெந்திருந்தது. தோல் ஒட்டவைத்துப் புண் ஆறினாலும் முழங்கால் மடங்கியபடியே இறுகிக்கொண்டு வந்தது. உடற்பயிற்சிப் பிரிவில் இன்ஸாஃப் என்ற பெண் டாக்டர் ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். பாதிப் பிள்ளைகளுக்குக் கால் நீட்டும் பயிற்சி மட்டும். மற்றவர்களுக்கு அதோடு, நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளும். யாருக்கு எது என்று குலுக்கிப் போட்டார்கள். நவாராவுக்குச் சைக்கிள் விழவில்லை.

"குலுக்கலாம் குலுக்கல்! யார் கண்ணு முன்னாடி குலுக்கினாங்க?" என்று மனைவி ஸபாஹிடம் பொரிந்தான். "அந்த இன்ஸ்பெக்டர் பையனுக்கு மட்டும் எப்படி விழுந்துச்சாம்?"

"நீதானே சரின்னு தலையாட்டின?"

"ஆட்டினேன். அப்பவே எனக்கு உறுத்துச்சு."

கதவிடுக்கில் நின்று சைக்கிள் பிள்ளைகளைக் கவனித்தான். பிறகு துருப்பிடித்த ஒரு சைக்கிளை மொட்டை மாடிக்கு ஏற்றி, புறாக்கூண்டுக்குப் பக்கத்தில் செங்கல் மேல் தூக்கி நிறுத்தினான். மத்தியானம் வியாபாரம் முடித்து வந்ததும் மகளை அதில் உட்கார்த்தி மிதிக்கச் சொன்னான்.

"டாக்டர்கிட்ட மூச்சு விடக்கூடாது, கண்ணு."

நவாரா ஆசையாகத்தான் மிதித்தாள். ஒருநாள் முகம் செக்கச் செவேலென்று ஆனது. வாந்தி எடுத்து, அப்படியே சரிந்தாள். முழங்காலுக்குப் பின்னால் புதுத்தோல் கிழிந்து ரத்தம் வழிந்தது.

"மாடிப்படியில விழுந்துட்டா டாக்டர்," என்றான் பயூமி ஆஸ்பத்திரியில்.

இன்ஸாஃப் கட்டைப் பிரித்துப் பார்த்தார். பிறகு பயூமியின் கைகளைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. வீட்ல யாராவது அடிக்கிறாங்களா?"

நவாரா அப்பாவைப் பார்த்தாள். டாக்டர் நர்ஸிடம் ஏதோ கிசுகிசுக்க, நர்ஸ் போய்க் கதவருகே நின்றுகொண்டாள்.

"அல்லா சத்தியமா அடிக்கல! சைக்கிள்... சைக்கிள் ஓட்டினா!"

"எந்தச் சைக்கிள்?"

"மாடியில இருக்கு," என்றாள் நவாரா மெதுவாக. "பாபாதான் செஞ்சாரு. உங்களோடது மாதிரியே. ஆனா கீச்சு கீச்சுன்னு கத்தும்."

"வெயில்லயா?" டாக்டரின் குரல் உயர்ந்தது. "ஒட்டவெச்ச தோல் வேர்க்காதுங்க! உள்ள ஏறின சூடு எப்படி வெளிய போகும்? அதுக்குத்தான் இங்க ஃபேன் போட்டு, பக்கத்துலயே நிக்கிறோம். பிள்ளை செத்திருப்பா!"

பயூமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

வீட்டில் சைக்கிள் மிதித்துவிட்டதால் இனி அவளைக் கணக்கில் சேர்க்க முடியாதென்று ஆய்விலிருந்து நவாராவின் பெயரை எடுத்துவிட்டார்கள். புண் ஆறியதும் டாக்டரே அவளை ஃபேனுக்கடியில் சைக்கிளில் ஏற்றினார்.

"ஆய்வுலதான் இல்லையே, அப்புறம் எதுக்குத் தரீங்க?" என்று கேட்டான் பயூமி.

"அவ நடக்க வேணாமா?"

குளிர்காலத்துக்குள் கால் ஏறக்குறைய நேராகிவிட்டது. களைத்தால் மட்டும் கொஞ்சம் இழுத்து நடந்தாள். பயூமி டாக்டரை வழிமறித்தான்.

"நெசமாச் சொல்லுங்க, சைக்கிள்தான் ஒசத்தியா?"

"தெரியாது. அதுக்குத்தானே ஆய்வே."

அவன் அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஸபாஹிடம் சொன்னான்: "தெரியாதுன்னு சொல்ற டாக்டரை நீ பார்த்திருக்கியா? அந்தம்மா எதையோ மறைக்குது."