அருவிக்குப் போனவர்களின் பட்டியல்

பத்திரிகை வேலைக்கு வருவதற்கு முன் திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் டைம் ஆபீஸில் இருந்தேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எப்போது வெளியே போனார்கள் என்று எழுதுவது வேலை. பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர்கள், ஆர்டர் தருவதற்கு முன் தொழிலாளர்களைக் கம்பெனி எப்படி நடத்துகிறது என்று ஆடிட் செய்ய ஆள் அனுப்பத் தொடங்கியிருந்த காலம் அது. வருகிறவர்கள் தொழிலாளர்களைத் தனியாகக் கூப்பிட்டுக் குறை கேட்பார்கள். அவர்கள் வரும் நாள் மேனேஜருக்கு முன்கூட்டியே தெரியும். தொழிலாளர்களுக்குத் தெரியாது.

ஒருமுறை ஆடிட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

“வாயிருக்கறவங்க பேரைப் பூரா எழுதீரு கண்ணு. ஒருத்தரையும் உட்டுப்போடாத. ஆடிட் அன்னைக்குத் திருமூர்த்தி மலைக்கு டூர் போயிட்டு வரட்டும். நீயும் கூடப் போயிரு.”

நாற்பது பேரை எழுதினேன். முதல் பெயர் செக்கிங் டேபிளில் இருந்த தென்காசிப் பக்கத்துப் பெண்ணுடையது. பெண்கள் கழிப்பறை பூட்டியே இருக்கும், சாவி சூப்பர்வைசரிடம். ஷிப்டில் இரண்டு தடவைக்கு மேல் யாராவது கேட்டால், லைன் முழுக்கக் கேட்கும்படி “மூணாவது” என்பார் அவர். அந்தப் பெண்ணுக்கு இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் கிடந்திருந்தார்.

“டாக்டர் தண்ணி நெறய குடிங்காரு சார். குடிச்சா சாவி கேக்கணும். கேட்டா அந்தாளு சிரிக்காரு. இந்தத் தடவ ஆடிட்டுக்கு வாரவங்ககிட்ட சொல்லாம விடமாட்டேன்.”

இதை அவர் என்னிடம்தான் சொல்லியிருந்தார். அதனால்தான் அவர் பெயர் முதலில் வந்தது.

மலையடிவாரத்தில் பஸ் நின்றபோது மணி பத்து. கோயிலைத் தாண்டி அருவி வரை ஒரு கிலோமீட்டர் ஏற்றம். பாறையும் வேருமான பாதை, பக்கத்திலேயே ஓடை. கம்பெனி கொடுத்த புளிசாதப் பொட்டலங்களில் இரண்டைக் குரங்குகள் பறித்துப் போயின. பெண்கள் கத்திச் சிரித்தார்கள். பாதி வழியில் ஓவர்லாக் தைக்கும் உள்ளூர்ப் பெண் ஒருவர் என்னைச் சீண்டினார்.

“ஏனுங்க சார், குளிக்கறதுக்கு ஆளுக்கொரு சோப்பு குடுத்திருக்கலாமுங்க. நேத்துச் சாயங்காலம் பாத்ரூமுல புதுச் சோப்பா அடுக்குனாங்களே, அதுல நாலு எடுத்துட்டு வந்திருந்தாக் கொறஞ்சா போயிருவீங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். தென்காசிப் பெண் மட்டும் நின்றுவிட்டார். கழிப்பறைக்குப் புதுச் சோப்பு வருவது ஆடிட்டுக்கு மட்டும்தான்.

“ஆடிட் இன்னைக்கா சார்?”

“எனக்குத் தெரியாது” என்றேன்.

அவர் முன்னும் பின்னும் பார்த்தார்.

“சாவி கேட்டவ நானு. பி.எஃப். சீட்டு கேட்டவ அந்தா போறா. சூப்பர்வைசர எதுத்துப் பேசுனவ இந்தா நிக்கா. எல்லாரும் இங்கனதான இருக்கோம்.”

“உடுங்க்கா, வந்தது வந்தாச்சு. குளிச்சுப்போட்டுப் போலாம் வாங்க” என்றார் ஓவர்லாக் பெண்.

தென்காசிப் பெண் கீழே இறங்கத் தொடங்கினார். மற்றவர்களை மேலே போகச் சொல்லிவிட்டு நான் பின்னால் இறங்கினேன். ஒருவரையும் மாலைக்கு முன் திரும்ப விடக்கூடாது என்பது எனக்கு இடப்பட்ட உத்தரவு. தடுக்கவேண்டிய அவசியம் வரவில்லை. அடுத்த உடுமலை பஸ் பன்னிரண்டரைக்கு என்று டீக்கடைக்காரர் சொன்னார். அங்கிருந்து திருப்பூர், பிறகு டவுன் பஸ்.

“போய்ச் சேர அஞ்சு ஆயிருமா?”

“ஆகும்.”

“அவங்க எத்தன மணிக்குப் போவாங்க?”

“நாலு மணிக்கு.”

அன்று அதுவரை அவரிடம் நான் பொய் சொல்லாதது இந்த இரண்டு கேள்விகளுக்குத்தான். அந்நேரம் கம்பெனியில் கழிப்பறைக் கதவுகள் திறந்து கிடந்திருக்கும். வெளியிலிருந்து வந்தவர்கள் துண்டையும் சோப்பையும் பார்த்து எழுதிக்கொண்டிருப்பார்கள். அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்.

“பேரு எழுதுனது நீங்கதானா?”

“ஆமா.”

அழுவார் அல்லது திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

“போங்க சார். போய்க் குளிங்க. அதுக்குத்தான கூட்டியாந்தீங்க.”

மேலே ஏறினேன். ஆட்களை எண்ணுவதும் என் வேலை; முப்பத்தொன்பது பேர் இருந்தார்கள். எண்ணி முடித்ததும் சட்டையைக் கழற்றிப் பாறையில் வைத்துவிட்டு, ஆண்கள் பக்கம் போய் நானும் குளித்தேன். தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது.