சம்பந்தி வீட்டு அரிசி

அறுவடை முடிந்த பருவந்தோறும் வாய் தைத்த வெள்ளை மூட்டை ஒன்று ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து இறங்கும். தருபவர் என் சம்பந்தி, மருமகளின் தகப்பனார், மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை வைத்திருந்தவர். ஆளிடம் கொடுத்தனுப்பும் வழக்கம் அவருக்குக் கிடையாது. தாமே காரில் வந்து, தையலைத் தாமே பிரித்து, ஒரு கைப்பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைப்பார். "உங்களுக்குன்னே தனியா ஓட்டினதுங்க சம்பந்தி. மல்லிப்பூ மாதிரி இருக்கா இல்லையா, நீங்களே சொல்லுங்க." நான் கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். நெல்மணியின் நீள்வெட்டைக் கரும்பலகையில் வரைந்து, உமிக்கு உள்ளே தவிட்டுப் படலம், ஓரத்தில் முளை, நடுவே மாவு என்று ஆண்டுதோறும் குறித்துக் காட்டியவன். என் கையிலிருந்த அந்த வெண்மையில் படலமும் இல்லை, முளையும் இல்லை என்பது எனக்குத் தெரியாததன்று. ஆயினும் "அருமைங்க" என்றே சொல்வேன். அது வெறும் உபசாரமும் அன்று. சோறு எவ்வளவு வெளுப்போ அவ்வளவு தகுதி அந்த வீட்டுக்கு என்று எண்ணி வளர்ந்த தலைமுறை எங்களுடையது.

என் மகனுக்குப் பெண் கேட்டுப் போன அன்று, யாரும் கேளாமலேயே நான் ஒன்று சொன்னேன். "எங்க குடும்பத்துல சர்க்கரை, பிரஷர்னு யாருக்கும் எதுவும் கிடையாது." அன்றைக்கு அது நான் அறிந்தவரை உண்மை. அதைச் சொன்ன தொனியில் சற்றுப் பெருமிதம் கலந்திருந்தது என்பதையும் மறுக்கமாட்டேன். அவர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எங்க வீட்லயும் அப்படித்தாங்க" என்றார். திருமணம் சிறப்பாக நடந்தது. மகனும் மருமகளும் எங்களோடுதான் இருக்கிறார்கள்.

சில ஆண்டுகள் சென்றபின் என் உள்ளங்காலில் ஒரு மதமதப்புத் தோன்றியது. ஸ்ரீரங்கத்தில் எந்த மருத்துவரிடம் போனாலும் என்னிடம் படித்தவர் எவரேனும் அங்கே அமர்ந்திருப்பார். எனவே ஆட்டோ பிடித்து ஆற்றைக் கடந்து தில்லை நகருக்குப் போனேன். அங்கும் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டுதான் காத்திருந்தேன். இரத்தப் பரிசோதனையின் முடிவைப் பார்த்த மருத்துவர், இளம்பெண், நைலான் இழை பொருத்திய சிறு கைப்பிடி ஒன்றை எடுத்தார். "கண்ண மூடிக்கோங்க சார். கால்ல தொடும்போதெல்லாம் சொல்லுங்க." மூடிக்கொண்டு காத்திருந்தேன். எவ்வளவு நேரந்தான் காத்திருப்பது? "ஆரம்பிக்கலாமேம்மா" என்றேன். "முடிச்சிட்டேன் சார்" என்றார் அவர்.

இத்தனை ஆண்டு வாழ்வில் அப்படியொரு அச்சத்தை நான் அறிந்ததில்லை. என் உடம்பின் ஒரு பகுதி என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டிருந்தது. மருத்துவர் பேசியதில் பாதிதான் காதில் விழுந்தது. "அரிசிய விடச் சொல்லல சார். பாலிஷ் பண்ணாததா மாத்துங்க. சோத்தக் குறைச்சுக் காயக் கூட்டுங்க. தவிட்டு அரிசிதானேன்னு ரெண்டு மடங்கு சாப்பிட்டா அதுவும் சர்க்கரையைத்தான் ஏத்தும். அப்புறம் வெறுங்காலோட நடக்காதீங்க. புண்ணு வந்தா உங்களுக்குத் தெரியாது."

வீட்டில் என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் அழவில்லை, அரிசியைப் பற்றித்தான் கவலைப்பட்டாள். "வேற அரிசி இந்த வீட்டுக்குள்ள வந்தா மறுநாளே மண்ணச்சநல்லூருக்குச் சேதி போயிடும். எங்க அரிசி பிடிக்கலையான்னு கேப்பாங்க. இல்லேன்னா உங்களுக்குச் சர்க்கரைன்னு சொல்லணும். எது உங்களுக்குச் சௌகரியம்னு நீங்களே சொல்லுங்க." இரண்டும் எனக்குச் சௌகரியமில்லை. மாத்திரைகளைப் புத்தக அலமாரியில் தடித்த நூல்களுக்குப் பின்னே வைத்துக்கொண்டு, அந்த மல்லிப்பூச் சோற்றையே தொடர்ந்து உண்டேன். உண்ணும்போது மேசைக்கு அடியில் ஒரு காலால் மற்றொரு காலைத் தேய்த்துப் பார்ப்பேன். துணியைத் தேய்ப்பது போலிருக்கும். உடனே அடுத்த கவளத்தை எடுப்பேன், எவரும் என் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதே என்று.

பேத்தியின் காதுகுத்து சம்பந்தி வீட்டில் நடந்தது. கை கழுவப் பின்கட்டுக்குப் போனவன் சமையலறையைக் கடக்கும்போது, மேடையின் ஓரத்தில் ஒரு சிறு பாத்திரத்தில் மண்ணிறச் சோறு மூடாமல் இருக்கக் கண்டேன். தவிட்டின் வாசம் வந்தது. நான் நின்றுவிட்டதைப் பார்த்த சம்பந்தியம்மாள் அவசரமாக ஒரு தட்டை எடுத்து அதை மூடினார். "அது கோழிக்குங்க" என்றார். அந்த வீட்டில் கோழி வளர்த்து நான் பார்த்ததில்லை. ஆலை முதலாளி வீடு, எதற்காகவோ வைத்திருப்பார்கள் என்று எண்ணி வந்து இலையின்முன் அமர்ந்தேன்.

சம்பந்தி என் பக்கத்தில், காலுறையைக் கழற்றாமலே வந்து உட்கார்ந்தார். பரிமாறியவர் அன்னத்தைக் கொட்டினார். சாம்பாருக்கு ஒரு முறை, இரசத்துக்கு ஒரு முறை. நான் கையை இலைக்குக் குறுக்கே நீட்டிப் "போதும்" என்றேன். நம் பக்கத்துப் பந்தியில் அந்தச் சொல்லை எவர் நம்புகிறார்கள்? "என்னங்க போதும்? சம்பந்தி கூச்சப்படறார், நல்லா போடுப்பா" என்றார் அவர். மரியாதைக்கு மரியாதை செய்ய வேண்டாமா? "அவருக்கும் போடுங்க, அவர் இலையப் பாருங்க, காலியா இருக்கு" என்றேன் நான். அவர் நெற்றியில் வியர்வை அரும்பியதைக் கண்டேன். மின்விசிறி சரியாகச் சுழலவில்லை என்று நினைத்தேன். என் மனைவி எதிர்வரிசையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் சிரித்துப் பேசியபடி, ஒருவருக்கொருவர் போடச் சொல்லி, மோர்ச்சோறு வரை உண்டு முடித்தோம்.

மழைக்காலம் தொடங்கியபோது மருமகளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டாள். தகப்பனாரின் கால்விரலில் ஆலைத் தளத்தில் ஏதோ குத்தியிருக்கிறது, அவர் அறியவேயில்லை, சீழ் பிடித்து மேலே ஏறிவிட்டது. நாங்கள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் தட்டையாகவும் கிடந்தது. அந்தத் தட்டையான இடத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. என் சொந்தக் கால்கள் செருப்புக்குள் இருக்கின்றனவா என்று குனிந்து பார்க்க வேண்டும் போலிருந்தது.

"எத்தனையோ வருஷமா இருக்குங்க சம்பந்தி" என்றார் அவர், கூரையைப் பார்த்தபடி. "ஊருக்கெல்லாம் வெள்ளை அரிசி விக்கறவன் வீட்ல தவிட்டு அரிசி தின்னா என்ன பேசுவாங்க? அதுலயும் உங்க முன்னாடி... உங்க குடும்பத்துல யாருக்கும் கிடையாதுன்னு சொன்னீங்களே. பொண்ணக் குடுத்த எடம். யாராவது விருந்தாளி வந்தா வெள்ளைச் சோறு, போனப்புறம் அந்தச் சோறு. எங்க வீட்டுக்கு விருந்தாளி வராத நாள் ஏதுங்க?"

மருமகள் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். என் மகனும் அங்கேயே இருந்தான். ஆறுதல் சொல்லத் தகுந்த வாக்கியங்கள் பல எனக்குத் தெரியும். இரங்கற்கூட்டங்களில் பேசிப் பழகியவன். அவற்றில் ஒன்றும் வரவில்லை. "சம்பந்தி, அந்தக் கோழி அரிசி இருக்கே, அதுல எனக்கு ஒரு மூட்டை வேணும்" என்றேன்.

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பிறகு பார்வை மெல்ல இறங்கி என் கால்களில் போய் நின்றது. "அடப்பாவி மனுஷா" என்றார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அப்படி அழைத்ததில்லை. "அன்னிக்கு நான் போடு போடுன்னு சொன்னேனே." "நானுந்தான் சொன்னேன்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கையில் உடம்பு அதிர்ந்து வலித்ததோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டார். மருமகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுகையினூடே அவள் முகத்தில் எழுந்த கோபம் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

சம்பந்தி இப்போது இல்லை. இன்னொரு கால் இருக்க, இதயம் நின்றுபோயிற்று. ஆலையை அவர் மகன் நடத்துகிறார். பாலிஷ் போடாத அரிசி எங்கள் வீட்டுக்கு வருகிறது. அதை ஊறப்போட வேண்டும், பொறுமையாக வேகவிட வேண்டும், மென்றுதான் விழுங்க வேண்டும். என் மனைவி தொடக்கத்தில் குக்கரைத் திட்டினாள், இப்போது பழகிவிட்டாள். ஒரு கரண்டிக்குமேல் மருமகள் போடுவதில்லை. போதும் என்று நான் சொல்லும் தேவையே ஏற்படுவதில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்கிறார் மருத்துவர். போன உணர்வு திரும்புமா என்று கேட்டால் மட்டும் வேறு பேச்சை எடுக்கிறார்.

சென்ற வாரம் உச்சிப்பொழுதில் மருமகளோடு கோயிலுக்குப் போயிருந்தேன். கனத்த காலுறை ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். பெருமாள் சன்னிதிக்குக் காலுறையோடு போவதா என்று மறுத்துவிட்டேன். திறந்தவெளியில் கருங்கல் கொதித்தது. வந்தவர்களெல்லாம் குதிகாலால் துள்ளித் துள்ளி நிழலைத் தேடி ஓடினார்கள். நான் வழக்கம்போல் நிமிர்ந்து, மெதுவாக நடந்தேன். மண்டபத்து நிழலில் மூச்சிரைக்க நின்றிருந்த ஓர் அன்பர், ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்தவர், கைகூப்பினார். "நாங்கல்லாம் தீமிதி மாதிரி ஓடி வரோம். நீங்க என்னமோ புல்லு மேல நடக்கற மாதிரி வரீங்க. பக்தின்னா இதுதான் சார்." அருகிலிருந்தவர்களும் என்னை வியப்போடு பார்த்தார்கள்.

அந்தப் பார்வை எனக்குப் பிடித்தமானது. என்றும் பிடித்தமானதாகவே இருந்திருக்கிறது. மருமகள் என் முகத்தைக் கவனித்துக்கொண்டு நின்றாள்.

"பக்தி இல்லீங்க, சர்க்கரை" என்றேன். "கால்ல சூடு தெரியாது."

அவர் கூப்பிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். மருமகள் என்னைத் தூணடியில் உட்காரவைத்து, எல்லோர் முன்னிலையிலும் என் வலது காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, உள்ளங்காலைத் திருப்பினாள். அவள் விரல்கள் எங்கே தொட்டன என்று எனக்குத் தெரியாது. அவள் பார்த்து முடிக்கும்வரை நான் குனியவில்லை.