ஆசையாக வளர்த்த சுரைக்கொடி

மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் போன கோடையில்தான் முதன்முறையாகச் சுரைக்கொடி வைத்தேன். வெயிலில் இலை வாடினால் எனக்குச் சாப்பாடு இறங்காது. பழைய சேலையைப் பந்தலில் கட்டி நிழல் கொடுத்தேன்.

முதல் காயைப் பறித்த அன்றே அரைத்துச் சாறெடுத்து, நடைப்பயிற்சி முடித்து வந்த கணவருக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். ஒரு சொட்டு விடாமல் குடித்தார். அரை மணி நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். வாந்தியில் ரத்தம். ஆட்டோ பிடித்து ராயப்பேட்டையில் ஒரு மருத்துவமனைக்கு ஓடினோம்.

"ஜூஸ் கசந்துச்சா சார்?" என்று கேட்டார் டாக்டர்.

"பயங்கர கசப்பு டாக்டர். இவ ஆசையா வளர்த்தது, மூஞ்சி வாடிடுமேன்னு குடிச்சிட்டேன்."

"கசக்குற சுரைக்காய் விஷம் சார். இந்த வெயில்ல கொடி தவிச்சாலே காய் கசந்துடும்."

மூன்று நாள் கழித்து அவர் வீடு திரும்பியதும் நேராக மாடிக்குப் போனேன். கொடி பச்சைப்பசேலென்று, இன்னும் இரண்டு பிஞ்சுகளோடு நின்றது. பிள்ளை மாதிரி வளர்த்தேனே, இப்படிச் செய்துவிட்டதே என்று அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. வேரோடு பிடுங்கிப் போட்டேன்.

இந்தக் கோடையில் வெண்டையும் கத்தரியும் மட்டும்தான். கடையில் வாங்கும் சுரைக்காய், வெள்ளரிக்காயில்கூட ஒரு துண்டு நறுக்கி நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் குப்பையில் போட்டுவிடுகிறேன். கணவரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: "நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னு சொல்லிடுங்க. நான் ஒண்ணும் கோச்சுக்க மாட்டேன்."