என் வலக்காலின் பெலம்

இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து என் வலது கால் சூம்பிப்போனது. டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சியை அம்மை ஒருநாள்கூட விட்டதில்லை. விக்கிரமசிங்கபுரத்து நூல் மில்லில் ஷிப்ட் முடிந்து வந்ததும், சேலையைக்கூட மாற்றாமல் நல்லெண்ணெயைச் சூடாக்குவாள். தொடையிலிருந்து கணுக்கால்வரை நீவிவிட்டு, என் உள்ளங்காலில் தன் உள்ளங்கையை ஊன்றிக்கொள்வாள்.

"ஏட்டி, தள்ளு. அம்மையத் தள்ளு பாப்போம்."

முதல் சில வருடம் அந்தக் காலில் அசைவே கிடையாது. அம்மைதான் தானாகப் பின்னால் சாய்ந்து, "ஆத்தாடி, என்னா தள்ளு தள்ளுதா" என்பாள். நடிக்கிறாள் என்று எனக்கு ஏழு வயதிலேயே தெரியும். இருந்தாலும் தள்ளினேன். பத்து வயதில் அவள் நிஜமாகவே சாய்ந்தாள்.

தெருவில் எனக்குப் பெயர் நொண்டி. அதற்கெல்லாம் அழுகிற ஆள் இல்லை நான். கல்லெடுத்து எறிவேன், குறி தப்பாது. பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் போனபோது விளையாட்டு ஆசிரியை என் கையில் வில்லைக் கொடுத்தார். எழுபது மீட்டர் தள்ளியிருக்கும் மஞ்சள் வட்டத்தைக் குறிபார்த்து நிற்கும்போது என் காலை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அதுவே போதுமாயிருந்தது. மாவட்டம், மாநிலம், தேசம் என்று ஏறி, மாற்றுத்திறனாளிகளுக்கான சர்வதேச வில்வித்தைப் போட்டிக்குத் தேர்வானேன். போட்டி போலந்தில். தெருமுனையில் என் படம் போட்டு பிளக்ஸ் வைத்தார்கள். நொண்டி என்று கூப்பிட்ட அதே தெருதான்.

அங்கே வில்லைத் தொடுவதற்கு முன்னால் ஊனத்தை அளந்து பார்ப்பார்கள். என்னை ஒரு மேசைமேல் படுக்க வைத்தார்கள். ஒரு பெண் டாக்டர் என் வலது உள்ளங்காலில் தன் உள்ளங்கையை ஊன்றி, தள்ளச் சொன்னார். மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினேன். அவர் கை பின்னால் போனது. மறுபடியும் சொன்னார், மறுபடியும் தள்ளினேன். பெருமையாகக்கூட இருந்தது, இந்த மூதேவிக்கு.

சாயங்காலம் தாள் வந்தது. என் ஊனம் போதாதாம். அவர்கள் வைத்திருக்கும் அளவைவிட என் காலில் கொஞ்சம் பலம் கூடுதலாம். முறையிட்டோம். மறுநாள் வேறு டாக்டர்கள் பார்த்துவிட்டு அதையே சொன்னார்கள். இனி எந்த நாட்டிலும் இந்தப் போட்டிகளில் நான் நிற்க முடியாது.

"கொஞ்சம் மெதுவாத் தள்ளியிருக்கலாம்ல?" என்றார் கூட வந்த பயிற்சியாளர். அம்மை கை வைத்த இடத்தில் யார் கை வைத்தாலும் அந்தக் கால் அப்படித்தான் தள்ளும். அதற்கு வேறென்ன தெரியும்?

போட்டியன்று வேடிக்கை பார்க்கிறவர்களோடு உட்கார்ந்திருந்தேன். போலந்துக்காரி ஒருத்தி, இரண்டு காலும் இல்லாதவள், சக்கர நாற்காலியில் இருந்தபடி அம்பு அம்பாக மஞ்சளில் இறக்கிக்கொண்டிருந்தாள். கூட்டம் கைதட்டியது. கால் இல்லாதவளைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அப்படியொரு பாவி நான்.

ஊருக்கு வந்து, தோற்றுவிட்டேன் என்று மட்டும் அம்மையிடம் சொன்னேன். இத்தனை வருடம் நீ தேய்த்த எண்ணெய்தான் என்னை வெளியே தள்ளியது என்று எந்த வாயால் சொல்வது? தாளை வில் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

"தோத்தா தோத்துட்டுப் போ. நின்னு நின்னு காலு ஓஞ்சிருக்கும்" என்றாள். மில் வேலையை விட்டு வருடங்களாகிவிட்டன. இப்போது அவள் கைதான் நடுங்குகிறது. எண்ணெயைச் சூடாக்கி எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தாள். நீவிவிட்டு, உள்ளங்காலில் கையை ஊன்றினாள்.

"ஏட்டி, தள்ளு."

அந்த நடுங்குகிற கையை முழுசாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகப் பையத் தள்ளினேன்.

அம்மை என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "பெலம் போதலட்டி. அதான் தோத்துட்ட. அடுத்த போட்டிக்குள்ள ஏத்திப்புடலாம்" என்று சொல்லிவிட்டு, திரும்பவும் எண்ணெயைத் தொட்டாள்.