நடுக்குரல்காரியின் மூச்சு

என் நோயை முதலில் கண்டுபிடித்தது மருத்துவர் அல்ல, என் தங்கை நான்சி. பெருங்களத்தூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். அண்ணன் ஜோயல், நான், நான்சி மூவரும் மேடையில் நின்று பாட்டின் கடைசி வரியை மூன்று ஸ்வரங்களில் இழுத்துக்கொண்டிருந்தோம். அண்ணன் கீழே, நான்சி மேலே, நான் நடுவில். நான்சி சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்து பாடிக்கொண்டுதான் இருந்தேன்.

காரில் ஏறியதும் கேட்டாள். "அக்கா, கடைசில நீ எங்க போன?"

"அங்கதான்டி நின்னேன்."

"நின்ன. ஆனா சத்தம் இல்ல."

அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் ஒரு வைரஸ் காய்ச்சல் வந்து போயிருந்தது. தொண்டை கட்டியிருக்கிறது என்று மிளகுப் பால் குடித்தேன், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். குரல் தேய்ந்துகொண்டே போய்க் கடைசியில் வெறும் காற்றானது. நான் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். என் காற்றுக் குரலைக் கேட்ட எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், என்ன நினைத்தார்களோ, அவர்களும் என்னிடம் ரகசியக் குரலில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவ்வளவு அமைதியான வகுப்பை என் சர்வீஸில் பார்த்ததில்லை. அதை ரசித்துக்கொண்டுகூட இருந்திருப்பேன். ஆனால் தண்ணீர் குடித்தால் புரை ஏறியது. அப்போதுதான் பயம் வந்தது.

காது மூக்கு தொண்டை மருத்துவர் என் மூக்கு வழியாக ஒரு மெல்லிய கேமராக் குழாயை இறக்கி, திரையை என் பக்கம் திருப்பினார். குரல்நாண்கள் (தொண்டைக்குள் இருக்கும் இரண்டு தசைமடிப்புகள், அவை நெருங்கி அதிர்ந்தால்தான் குரல்) தெரிந்தன. வலது பக்கம் துடிப்பாக ஆடியது. இடது பக்கம் அசையவே இல்லை. இத்தனை வருடம் நான் பெருமைப்பட்டுக்கொண்ட உறுப்பை அன்றுதான் நேரில் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் மட்டும் வேலைக்கு வரவில்லை.

குரல்நாண் வாதம் என்றார் (அந்தத் தசையை இயக்கும் நரம்பு செயலிழந்துபோவது). காய்ச்சலால் இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம், கழுத்துக்கும் நெஞ்சுக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். தொண்டைக்கு எதற்கு நெஞ்சில் ஸ்கேன் என்று கேட்டேன். இடது பக்க நரம்பு மேலேயிருந்து இறங்கி, நெஞ்சு வரை போய், அங்கே வளைந்து, திரும்பத் தொண்டைக்கு ஏறுகிறதாம். தாம்பரத்திலிருந்து பல்லாவரத்துக்கு ஊரப்பாக்கம் வழியாகப் போவது மாதிரி. வழியில் எங்கே கட்டி இருந்தாலும் குரல் போய்விடும். அந்தப் பயத்துக்கு நடுவிலும் இந்தச் சுற்றுவழி எனக்கு வேடிக்கையாக இருந்தது.

ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. வீட்டில் கேக் வாங்கி வெட்டினார்கள். நான் மருத்துவரிடம் கேட்டது வேறு.

"மறுபடி பாட முடியுமா டாக்டர்?"

"பேச்சு பெரும்பாலும் தேறிடும்மா. பாட்டைப் பத்தி இப்ப நான் எது சொன்னாலும் அது ஜோசியம்தான். நரம்புக்கு டைம் கொடுப்போம்."

உங்களுக்கும் இந்த நோய் வந்திருந்தால், அந்த 'டைம்' எப்படிப்பட்டது என்று தெரிந்திருக்கும். தாடையைக் கீழே தாழ்த்தித் தண்ணீர் விழுங்கப் பழகுவீர்கள். போன் அடித்தால் எடுக்க மாட்டீர்கள். ஆட்டோக்காரரிடம் இடத்தைக் கையால் எழுதிக் காட்டுவீர்கள். எனக்கு இவை எல்லாவற்றுக்கும் கீழே இன்னொரு கவலை இருந்தது. வெளியில் சொன்னால் நன்றிகெட்டவள் என்பார்கள். மேல் குரலை ஜனம் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போகும். கீழ்க் குரல் நெஞ்சில் அதிரும். நடுக்குரல் யார் காதிலும் தனியாக விழாது. நான் இல்லாவிட்டால் யாருக்காவது தெரியுமா?

கிறிஸ்துமஸ் வந்தது. ஊரப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிகழ்ச்சிக்கு முன்பே ஒத்துக்கொண்டிருந்தோம். கீழ்க்கட்டளையில் அண்ணன் வீட்டு ஹாலில் ஒத்திகை. நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "நடு வரிய கீபோர்டுல வெச்சிட்டேன் எஸ்தர். தப்பா எடுத்துக்காத."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர்கள் பாடுவதை வெளியிலிருந்து நான் கேட்டது அன்றுதான் முதல் முறை. கூடப்பிறந்தவர்கள் சேர்ந்து பாடினால் ஜனம் ஏன் பிரியாணித் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறது என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். எங்களைவிட நன்றாகப் பாடுகிறவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஒரே மூக்கை மூன்று முகத்தில் பார்க்கிற சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அன்று பார்த்தால் மூக்குகள் இருந்தன, ஸ்வரம் சுத்தம், கீபோர்டும் சரி. ஆனால் பல்லவிக்குள் நுழையும்போதெல்லாம் இருவரும் ஆளுக்கொரு பக்கம் சிதறினார்கள்.

"காதுல கிளிக் போய்க்கினே கீது, அப்புறம் இன்னாதான் பிரச்சனை நமக்கு?" என்று, தாளம் தட்டிக்கொண்டிருந்த இயர்போனைக் காதிலிருந்து பிடுங்கியபடி கத்தினான் அண்ணன். கோபம் வந்தால்தான் அவனுக்கு இந்தப் பாஷை வரும்.

எனக்குப் பிரச்சனை தெரிந்தது, காரணம் தெரியவில்லை. இருவருமே தாமதமாக வந்தார்கள். எதற்கோ காத்திருந்தார்கள்.

நான்சி போனில் எங்கள் பழைய வீடியோ ஒன்றைப் போட்டாள். பல்லவிக்கு முன்னால் "ஹ்" என்று ஒரு சத்தம். அடுத்த பல்லவிக்கு முன்னாலும் அதே "ஹ்". என் மூச்சு. மேடைதோறும் சவுண்ட்காரர் இதற்காகத்தான் என்னைத் திட்டுவார்: "அக்கா, மூச்சு மைக்ல பேஜாரா வருது, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வீட்டில் தினமும் குடும்ப ஜெபம் உண்டு. அப்பா ஜெபத்தை முடித்து ஆமென் சொன்னதும், கண்ணைத் திறக்காமலே பாட்டைத் தொடங்க வேண்டும். ஒன்று இரண்டு என்று எண்ணக் கூடாது, ஜாடை காட்டவும் வழியில்லை. சின்ன வயதிலேயே நான் சத்தமாக மூச்சிழுப்பேன், மற்ற இருவரும் அதைப் பிடித்துக்கொள்வார்கள். அதை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. பாட்டு ஆரம்பிப்பது அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டே நாங்கள் வளர்ந்துவிட்டோம்.

சோபாவில் உட்கார்ந்தபடியே மூச்சிழுத்தேன். இரண்டு பேரும் ஒன்றாக விழுந்தார்கள். நான்சி அழுதுகொண்டே பாடினாள். நான் அழுதால் சத்தம் வராது. அது ஒரு வசதி.

"மேடையில நின்னு மூச்சு மட்டும் விடலாமா?" என்று பேச்சுப் பயிற்சியாளரிடம் (குரலுக்கும் விழுங்குதலுக்கும் பயிற்சி தருகிறவர்) கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "பாடத்தான் கூடாதுன்னு சொன்னேன் மேடம். மூச்ச நிறுத்தச் சொல்லலயே!"

ஊரப்பாக்கம் மேடையில் கீபோர்டின் நடு வரியை அண்ணனே எடுத்துவிட்டான். நான் மைக் இல்லாமல் அவர்களுக்கு நடுவில் நின்றேன். குடியிருப்பை ஒட்டிய தண்டவாளத்தில் மின்சார ரயில் போய்க்கொண்டிருந்தது. அது கடக்கும் வரை காத்திருந்து மூச்சிழுத்தேன். அவர்கள் வந்தார்கள். முன் வரிசையில் ஒரு பிரியாணித் தட்டு நாற்காலிக்கு அடியில் போனது, பிறகு இன்னொன்று.

முடிந்ததும் ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "மூணு வாய்ஸும் கலந்து எது யாருதுன்னே தெரியலக்கா. அந்த நடு வாய்ஸ் உங்களுதா?"

அந்தக் கூட்டத்தில் என் காற்றுக் குரல் அவளுக்குக் கேட்காது. "அவங்களுதுதான்," என்றாள் நான்சி.

இப்போது இடது நாண் கொஞ்சம் அசைகிறது. பேசுகிறேன், வகுப்பு பழையபடி சந்தைக்கடை. பாடவும் செய்கிறேன், முன்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்த குரலில். முன்பெல்லாம் பாட்டு முதல் சொல்லில் தொடங்குகிறது என்று நினைத்திருந்தேன். இப்போது அதற்கு முன்னால் உள்ள அந்தச் சின்ன நேரத்தில்தான் என் உடம்பு முழுவதும் இருக்கிறது. விலாவுக்குள் காற்று நிறைவது தெரிகிறது. அவசரம் இல்லை.

கடைசி வரியை இழுக்கும்போது என் குரல் இன்னும் பாதியில் நின்றுவிடுகிறது. போன வாரம் பெருங்களத்தூரில் பாடியபோதும் நின்றது. நான்சி திரும்பிப் பார்க்கவில்லை.