குரல் நின்றால் கை நிற்க வேண்டும்

கட்டட வேலை நடக்கும் இடங்களில் அவருக்குப் பெயர் 'பிரேக்'. முகத்துக்கு நேராக 'பிரேக் அண்ணன்', முதுகுக்குப் பின்னால் வெறும் பிரேக். டவர் கிரேன் ஓட்டுகிறவர். பாரம் இறங்கும் இடத்தில் நின்று ரேடியோவில் வழி சொல்லும் சிக்னல் ஆள் கொஞ்சம் மூச்சு வாங்கினால் போதும், இவர் கை அங்கேயே நின்றுவிடும். பாரமும் அந்தரத்தில் நின்றுவிடும். "அண்ணே, எச்சி முழுங்கினேன், அதுக்குமா நிறுத்துவீங்க?" என்று சிக்னல் ஆட்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். இந்த மனுஷன் ஓட்டினால் கட்டடம் நம் பேரன் காலத்தில்தான் முடியும் என்பது மேஸ்திரிகளின் புலம்பல். அவர் எதையும் காதில் போட்டுக்கொள்வதில்லை. மறுபடி குரல் வந்தால்தான் கை நகரும்.

சிரிக்கட்டும். ஒரு காலத்தில் இந்தத் தொழிலிலேயே வேகமான கை என்று பெயர் எடுத்தவர் அவர்தான் என்பது இவர்களுக்குத் தெரியாது. அந்தக் கை வேண்டும் என்றுதான் உலகத்திலேயே உயரமான கட்டடத்துக்கு அவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிப்போனார்கள்.

அந்தக் கட்டடத்தை வரைந்தவர்கள் கெட்டிக்காரர்கள், அதை மறுக்க முடியாது. அவ்வளவு உயரத்தில் எடையைவிடப் பெரிய எதிரி காற்று. ஒரே அகலத்தில் நேராக ஏறினால், காற்று ஒரே தாளத்தில் தள்ளித் தள்ளிக் கட்டடத்தை ஆட்டிவிடும். அதனால் மேலே போகப் போக ஒடுக்கிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு மட்டத்திலும் வடிவத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்தார்கள். எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் காற்றே குழம்பிப்போகும். நடுவில் கான்கிரீட் கூடு. அதைப் பற்றிக்கொண்டு கிரேனும் கட்டடத்தோடு கூடவே ஏறும். காலையில் டிபன் டப்பாவோடு கிரேன் கூண்டுக்குள் போனால் அவர் இறங்குவது சாயங்காலம்தான். நடுவில் ஒண்ணுக்குப் போக ஒரு பாட்டில். ஊருக்கே மேலே உட்கார்ந்திருக்கிறவரின் ராஜ வாழ்க்கை அவ்வளவுதான்.

கூண்டிலிருந்து மேகம் தெரியும், ஊர் முழுக்கத் தெரியும். கொக்கி போய் நிற்கும் இடம் மட்டும் பெரும்பாலும் தெரியாது. அதற்குத்தான் சிக்னல் ஆள். "எறக்கு, எறக்கு, எறக்கு" என்று அவர் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் நின்றால் கை நிற்க வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது, என்னவாக இருக்கும் என்று யோசிக்கக் கூடாது. கிரேன் ஓட்டக் கற்கும் எவருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

அங்கே அவருக்கு வாய்த்த சிக்னல் ஆள் வேறு யாருமில்லை, தங்கை புருஷன். அவரே பார்த்து, அவரே பேசி முடித்த மாப்பிள்ளை. வாய் ஓயாத ஆள். அந்த வாய்க்கு ஏற்ற வேலை என்றுதான் சிபாரிசு பண்ணி மேலே ஏற்றிக்கொண்டார். ரேடியோவில் மரியாதைக்கெல்லாம் இடமில்லை. 'எறக்குங்க' என்று இழுத்தால் அதற்குள் பாரம் எங்கேயோ போயிருக்கும். மாப்பிள்ளைக்கு அதில் தாங்க முடியாத சந்தோஷம்.

"பொண்ணு குடுத்த மச்சான காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் 'ஏத்து, எறக்கு, நில்லு'ன்னு அதட்டுறதுக்கு எவனுக்குக் குடுத்து வச்சிருக்கு, சொல்லுங்க!"

"வீட்டுக்கு வாங்க மாப்ள, என் தங்கச்சி உங்கள அதட்டுவா. கணக்கு சரியாப் போயிடும்."

இந்த அரட்டையைக் கேட்டு இன்ஜினியர் குறுக்கே புகுந்து திட்டுவார். ஒரே அலைவரிசையில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் அல்லவா.

மாப்பிள்ளை முதல் நாள் மேலே ஏறியபோது தங்கை சொன்னாள்: "அண்ணா, உன்ன நம்பித்தான் அவர அவ்வளவு உசரத்துக்கு அனுப்புறேன். எனக்கு வேற யாரு இருக்கா?"

"நான் இருக்கேன்ல" என்றார் அவர். அண்ணன்காரன் வேறென்ன சொல்வான்?

கட்டடம் முக்கால்வாசி ஏறியிருந்தபோது, வேறு எங்கேயோ ஒருவர் இதைவிட உயரமாகக் கட்டப்போகிறார் என்று செய்தி வந்தது. முதலாளிக்குத் தூக்கம் போயிற்று. வரைபடத்தை மாற்றினார்கள். கடைசி மாடிக்கு மேலே வெறும் இரும்பில் ஒரு கிரீடமும் அதன் தலையில் ஓர் ஊசியும் சேர்ந்தன. அதற்குள் அறை கிடையாது, படி கிடையாது, ஒரு மனுஷனும் குடியிருக்கப் போவதில்லை. உயரக் கணக்குக்காக மட்டும் அது.

"மச்சான், இதுல யாரு குடிவரப் போறா?"

"காத்து."

"வாடகை ஒழுங்காக் குடுக்குமா?"

அந்த நாட்களில்தான் மாப்பிள்ளைக்கு இருமல் முற்றியது. முன்பு பல வருஷம் கான்கிரீட் வெட்டும் வேலையில் தின்ற தூசி. இருமல் ஆரம்பித்தால் ஆள் இரண்டாக மடங்கிவிடும், முகம் கறுத்துவிடும். இன்ஜினியர் காதில் விழுந்தால் உடனே டாக்டரிடம் அனுப்புவார்கள், குழாயில் ஊதச் சொல்லி நெஞ்சைச் சோதிப்பார்கள், அப்புறம் கீழே கம்பி எண்ணுகிற வேலைதான். மாப்பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. ஊசி ஏறும் நாளில் அங்கே நிற்க வேண்டும் என்று ஆசை. "உலகத்துலயே உசரமான எடத்துல கடைசி 'எறக்கு' உன் புருஷன் சொன்னதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கலாம்" என்று பெண்டாட்டியிடம் பீற்றியும் வைத்திருந்தார்.

ஒருநாள் மேலே ஏறும் லிப்டில் மாப்பிள்ளை மச்சானின் காதோரம் வந்தார்.

"இருமல் வந்தா ரேடியோ பொத்தான விட்டுடறேன். யாருக்கும் கேக்காது. ஆனா நீங்க உடனே நிறுத்திட்டீங்கன்னா, ஏன் நிக்குதுன்னு இன்ஜினியர் கேப்பாரு. நிறுத்தாதீங்க மச்சான், மெதுவா விட்டுட்டே இருங்க. இருமி முடிச்சதும் வந்துடறேன்."

"தப்பு மாப்ள."

"ஊசி ஏறுற வரைக்கும்தான். அப்புறம் நானே டாக்டர்கிட்ட போறேன். உங்க தங்கச்சி மேல சத்தியம்."

தங்கை மேல் சத்தியம் என்றதும் அவர் ஒத்துக்கொண்டுவிட்டார். அந்த இருமலின் நீளம் அவருக்கு அத்துப்படி. சாப்பாட்டு நேரத்தில், லிப்டில், தங்கை வீட்டில் என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறார். எங்கே தொடங்கும், எங்கே தணியும், எந்த இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு குரல் திரும்பும் எல்லாம் தெரியும். ரேடியோ மௌனமானால் கையை மட்டும் தளர்த்தி, பாரத்தை ஆமை வேகத்தில் விடுவார். குரல் வந்துவிடும். ஒவ்வொரு தடவையும் வந்துவிட்டது. பாவி மனுஷன், வந்துகொண்டே இருக்கும் என்று நம்பிவிட்டார்.

கிரீடத்தின் கடைசித் துண்டு ஏறிய நாள். அதற்கு மேல் ஊசிதான் பாக்கி. இரும்புச் சட்டத்தின் உள்ளே, ஒரு ஆள் நிற்கிற அகலப் பலகையில் மாப்பிள்ளை நின்றிருந்தார். துண்டு தலைக்கு மேலே வந்ததும் மூலைக்கு ஒதுங்கிக்கொண்டு கடைசியாக இறக்கச் சொல்ல வேண்டும், அதுதான் முறை.

"எறக்கு, எறக்கு, அப்படியே, எறக்கு..."

நின்றது.

இருமல், என்று நினைத்தார். கையைத் தளர்த்தினார். பாரம் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. இந்நேரம் செருமுவார், இதோ வந்துவிடுவார் என்று காத்துக்கொண்டே கையை மட்டும் நிறுத்தவில்லை. அப்புறம் வந்தது வேறு யாருடைய குரலோ. "நிறுத்து, நிறுத்து, ஐயோ, நிறுத்து!"

இருமல்தான். அவர் நினைத்தது சரிதான். மூலைக்கு ஒதுங்குவதற்குள் வந்துவிட்டது. மாப்பிள்ளை தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கிறார், பொத்தானை அமுக்க மூச்சில்லை. இறங்கிய இரும்புக்கும் தூணுக்கும் நடுவே மாட்டிக்கொண்டார். கீழே கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

விசாரித்தவர்கள் காற்று என்று முடித்துவிட்டார்கள். திடீரென்று காற்று வீசியதாம், பாரம் ஆடியதாம். இவரைக் கூப்பிட்டு, "காத்துதானே?" என்று கேட்டார்கள். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று, அவர்களுக்கு அவசரம். சரி போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஊசியை வேறொருவர் ஓட்டி ஏற்றினார். பட்டாசு வெடித்தார்கள். அந்தப் பெருமையும் அதிக நாள் நிலைக்கவில்லை. செய்தியில் வந்த அந்த இன்னொருவர் சொன்னபடியே உயர்த்திக் கட்டிவிட்டார். இதற்காகவா ஒரு உயிர் போக வேண்டும்?

தங்கை வீட்டுக்குத் தனியாகப் போக அவருக்குத் தைரியம் வர நாளாயிற்று. போனபோது அவள் பின்கட்டுக் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தாலே கட்டடத்தின் உச்சி தெரியும். அவள் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு அவ்வளவு காத்தா அடிச்சுது? நான் இதே கொடியில துணி காயப்போட்டிருந்தேன். ஒரு துணிகூட அசையலயே."

மேலே காற்று வேறு, கீழே காற்று வேறு. அது உண்மையும்கூட. அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள், அவருக்கும் ஆயுசு முழுக்க அண்ணன் உறவு மிஞ்சியிருக்கும். அந்த வரி அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"காத்து இல்லம்மா" என்றார். லிப்டில் பேசிக்கொண்டது, பொத்தான், கையைத் தளர்த்தியது, எல்லாவற்றையும் சொன்னார். "இருமல்னு நெனச்சேன்மா. முடிஞ்சதும் பேசுவாருன்னு நெனச்சேன்."

அவள் கத்தவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவருக்கு. கையிலிருந்த துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"ராத்திரின்னும் இல்ல, பகல்னும் இல்ல, அவருக்கு இருமல் வந்தா நான் கையில இருக்கிற வேலைய அப்படியே விட்டுட்டு நிப்பேன்ணா. அடுப்புல கருகினாலும் சரி. அது முடிஞ்சப்புறம்தான் அடுத்த வேலை. நீயும் கொஞ்சம் நின்னிருக்கலாமே."

அவ்வளவுதான். துணியோடு உள்ளே போனாள். அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதற்கப்புறம் நல்லது கெட்டதுக்குப் பார்த்தால் 'வா' என்பாள். அண்ணா என்று கூப்பிடுவதில்லை.

இப்போது அவர் ஓட்டுவது சின்னச் சின்னக் கட்டடங்களில். குரல் நின்றால் கை நிற்கிறது. போன வாரம் புது சிக்னல் ஆள் ஒருவருக்கு ரேடியோவிலேயே புரை ஏறிவிட்டது. பாரம் அந்தரத்தில் நின்றது. மேஸ்திரி கீழிருந்து கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். அந்த ஆள் இருமி முடித்து, தண்ணீர் குடித்து, "எறக்குண்ணே" என்று சொல்லும்வரை அவர் லிவரிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.