வெண்கலக்காவும் பூட்டிய கதவுகளும்

வேன் நகரத் தொடங்கும்போதே வெண்கலக்கா மைக்கை வாங்கி, ஊதிப் பார்த்து, "கேக்குதா? கேக்கலேன்னா சொல்லுங்க" என்பார். கேட்காதவர்கள் எப்படிச் சொல்வார்கள் என்று ஓட்டுநர் ஒருமுறை வாயைக் கொடுத்துவிட்டார். "நீ ரோட்டைப் பாரு தம்பி" என்று பதில் வந்தது.

மண்டலப் பொதுச் சுகாதார அலுவலகத்தில் இவர் செவிலியர். மைக் இல்லாமலே அடுத்த தெருவுக்குக் கேட்கும் தொண்டை. அதனால் கடைநிலை ஊழியர் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் வெண்கலக்கா. "தகரம்னு சொல்லாம விட்டீங்களே, அது போதும்" என்று சிரித்துக்கொள்வார்.

அங்கே வருகிறவர்கள் பல திசைக்காரர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்கள், தையல் ஆலைப் பெண்கள், கட்டட வேலைக்கு வந்த குடும்பங்கள், ஆளுக்கொரு பேச்சு. 'எங்கே வலிக்கிறது' என்பதை மட்டும் எல்லார் மொழியிலும் கற்றுவைத்திருக்கிறார் வெண்கலக்கா. பதில் அவருக்குப் புரியாது. கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்வார். அவருடைய உச்சரிப்பில் வலிக்காரரே சிரித்துவிடுவதும் உண்டு. "பாதி வைத்தியம் முடிஞ்சுது, அடுத்த ஆளைக் கூப்பிடு" என்பார்.

போன மழையில் தையல் ஆலைக்குப் பின்னாலிருக்கும் வரிசை வீடுகளில் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்துவிட்டது. வாந்தி, பேதி. ஆனால் ஒருவர்கூட அலுவலகப் பக்கம் வரவில்லை. வெண்கலக்கா வேனை எடுத்துக்கொண்டு போனார். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினார். கத்தக் கத்தக் கதவுகள் சாத்திக்கொண்டன.

"என்ன தம்பி இது, பேயக் கண்ட மாதிரி ஓடுறாங்க?"

அப்போது கடைசி வீட்டு ஜன்னல் வழியே ஒரு குழந்தையின் முனகல் கேட்டது. அழக்கூடத் தெம்பில்லாத முனகல். வெண்கலக்கா மைக்கை அணைத்தார். வேனைத் தெருமுனைக்கு அனுப்பிவிட்டு, மருந்துப் பையோடு தனியாக நடந்துபோய் அந்தக் கதவருகே உட்கார்ந்தார்.

"அம்மா, நான் நர்சு. புள்ளைய மட்டும் பாத்துட்டுப் போயிடறேன்" என்றார், தனக்கே புதிதாக இருந்த தணிந்த குரலில்.

வெகுநேரம் கழித்துக் கதவு ஒரு சாண் திறந்தது. தையல் ஆலைக்காரி ஒருத்தி, இடுப்பில் துவண்ட குழந்தை.

"நீ வீடு இடிக்க வந்தது?" என்றாள், வேலையிடத்தில் பொறுக்கிய தமிழில்.

"நானா? எனக்குச் செவுத்துல ஆணி அடிக்கவே வராதும்மா."

அவள் சிரிக்கவில்லை. முன்பு முன்வரிசை வீடுகள் இருந்த வெற்று மண்ணைக் காட்டினாள். அன்றைக்கும் இப்படித்தான் ஒரு வேன் வந்ததாம். புரியாத மொழியில் ஏதோ கத்திவிட்டுப் போனதாம். மறுநாள் இயந்திரம் வந்து வீடுகளைச் சரித்துவிட்டது. "மைக் வந்தா வீடு போகும்" என்றாள்.

காலையிலிருந்து தான் செய்துகொண்டிருந்தது என்ன என்பது வெண்கலக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. குழந்தையை வாங்கினார். கண் குழிவிழுந்து, நாக்கு வறண்டிருந்தது. பையிலிருந்த சுத்தமான நீரில் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைத்துக் கரண்டியால் ஊட்டினார். முதல் வாய் அப்படியே வெளியே வந்தது.

"நீங்க போய் மைக்ல சொல்லுங்கம்மா. தண்ணியக் காய்ச்சணும், புள்ளைங்களத் தூக்கிட்டு வரணும்னு. உங்க பேச்சுல."

"நான் பெரிய ஆள் இல்லை."

"நான் மட்டும் என்ன மந்திரியா? என் சத்தத்துக்கு ஒரு கதவும் தொறக்கல."

"பிள்ளை?"

"என் மடியிலதான் இருக்கும். எங்கயும் தூக்கிட்டு ஓடமாட்டேன்."

அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். சற்றைக்கெல்லாம் தெருவில் ஒரு மெல்லிய குரல், வெண்கலக்காவுக்கு ஒரு சொல்லும் புரியாத மொழியில், முதலில் நடுங்கி, பிறகு நிமிர்ந்து ஒலித்தது. எங்கோ ஒரு தாழ்ப்பாள் விலகியது. இன்னொன்று. பிறகு காலடிச் சத்தங்கள்.

ஓட்டுநர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "அக்கா, வர்றாங்கக்கா! பொட்டலம் பத்தாது போலிருக்கு!"

"அப்ப ஆபீசுக்குச் சொல்லு, இன்னும் அனுப்புவாங்க. மெதுவாப் பேசு தம்பி."

மறுபடி ஒரு கரண்டி கொடுத்தார். இந்த முறை உள்ளே போனது. அடுத்ததற்குக் குழந்தை கரண்டியைப் பல்லால் கவ்விப் பிடித்துக்கொண்டது. வெண்கலக்கா அதை இழுக்கவில்லை. அதுவாக விடட்டும் என்று கையை அசைக்காமல் வைத்திருந்தார்.